ஆரோக்கியம் அக்காவின் நரிவெங்காயம்

அன்று காலை டைம் ஆபீசுக்கு டீ வரவில்லை. முதல் ஷிப்டு ஆட்கள் உள்ளே போனதும் அட்டைகளை அடுக்கிவிட்டு நான் நிமிரும்போது மேசைமேல் டீ இருக்க வேண்டும். இத்தனை வருடங்களில் அது தவறியதில்லை. கேன்டீன்காரர்களுக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தேன். வாசலில் கேன்டீன் சமையல்காரர் கோவிந்தன் நின்றிருந்தார். கையில் டீத் தூக்கு இல்லை. தோள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டி வைத்திருந்தார். "சார், அக்கா பூட்ச்சி" என்றார். திட்டுவதற்காக வாயில் வைத்திருந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நீங்கள் எல்லோரும் கூடி இரங்கல் கூட்டம் நடத்தியபோது என்னையும் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன். "அக்கா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. ஒரு நிமிடம் தாமதமாக வந்தாலும் கேள்வி கேட்கிற டைம் ஆபீஸ்காரன் பேச்சு வராமல் நின்றதைப் பார்த்துச் சிலருக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்திருக்கும். இருக்கட்டும். அன்று சொல்ல முடியாததை நம் தொழிற்சாலை இதழில் எழுதுகிறேன். ஆரோக்கியம் அக்காவின் சாப்பாட்டை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய மண்ணெண்ணெய் டின்னைப் பற்றித் தெரிந்தவர்கள் மிகச் சிலர்.

நான் வேலைக்கு வந்த காலத்தில், எழுபதுகளின் தொடக்கம் அது, தொழிற்சாலை என்று சொல்ல ஒரு மதில் சுவரும் பாதி எழும்பிய ஷெட்டும்தான் இருந்தன. சுற்றிலும் புல்டோசர் கிளப்பிய புழுதி. திருப்பாச்சூரிலிருந்து புறப்பட்டு, திருவள்ளூரில் பஸ் ஏறி, பெரியபாளையத்தில் மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, நிழலே இல்லாத பாதையில் நடந்து வந்து சேர்ந்தேன். வேலை உத்தரவை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் கேன்டீன் கீற்றுக் கொட்டகை முன்னால் விழித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து ஓர் அம்மாள் சொம்போடு வந்தார். என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். இடுப்பில் கரித்துணி, நெற்றியில் வியர்வை.

"இன்னா நைனா, வெயிலக் குடிச்சிக்கினு நிக்கிற? மொதல்ல தண்ணி குடி. பேரு ஊரெல்லாம் அப்பால சொல்லு" என்றார்.

குடித்து முடிக்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பாதியில் சொம்பைத் திருப்பிக் கொடுக்க விடவில்லை. இது உங்களில் ஒவ்வொருவருக்கும் நடந்திருக்கும். லாரி டிரைவர், கொத்தனார், வசூலுக்கு வந்த சீட்டுக்காரர், யாராக இருந்தாலும் அக்கா பக்கத்தில் வந்துவிட்டால் வறண்ட வாயோடு திரும்பியதில்லை. எதையும் ஊட்டாமல் அவரால் இருக்க முடியாது. கேன்டீன் பின்புறம் வந்த நாய், காக்கை, சுவரோரத்து முருங்கைக் கன்று எல்லாமே அவரிடம் சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தடித்துப்போயிருந்தன. நானும்தான். சேர்ந்த ஆறாவது மாதத்தில் என் கால்சட்டைகளைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

பாத்திரம் தேய்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய மண்ணெண்ணெய் டின் இருந்தது. அதில் மூன்று பெரிய வெங்காயங்கள் பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக உட்கார்ந்திருக்கும். மழை வந்ததும் பட்டைபட்டையாக இலை விட்டு நின்றன. அக்கா வெங்காயம் பயிர் செய்கிறார் போலிருக்கிறது, சரியான கருமி என்று நினைத்திருந்தேன். கோவிந்தனும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். அவர் கடம்பத்தூரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருந்த சமயம். பொங்கல் முடிந்து, டின்னில் இருந்த இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தன. கேன்டீனில் வெங்காயம் தீர்ந்துபோன ஒரு காலையில் அவர் டின்னிலிருந்து ஒன்றைப் பிடுங்கி, மேல்தோலை உரித்துக் கத்தியையும் வைத்துவிட்டார்.

அக்கா பாய்ந்து வந்து அதைப் பிடுங்கி டின்னில் திரும்ப ஊன்றினார். கோவிந்தன் கையைப் பிடித்து இழுத்துப்போய் மண் போட்டுத் தேய்த்துக் கழுவினார். அது சமையல் வெங்காயம் இல்லை. காட்டில் தானாக முளைக்கிற நரிவெங்காயம். ஆடு மாடு வாய் வைக்காது. தின்றால் நெஞ்சைப் பிடிக்கும் விஷம். கால் ஆணிக்குச் சுட்டு வைத்துக் கட்டுவார்கள், அவ்வளவுதான். அன்று அது சாம்பாரில் விழுந்திருந்தால் உங்களில் பலர் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

விஷயம் மேனேஜர் காதுக்குப் போனது. சாப்பாடு செய்கிற இடத்தில் விஷக் கிழங்கா, உடனே தூக்கி எறியுங்கள் என்றார். அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் யாருக்கும் பதில் சொல்லத் தயங்காத அக்கா, அந்த டின்னை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். பார்க்கச் சகிக்காமல் நான்தான் குறுக்கே போய், எறிய வேண்டாம், அவர் வீட்டுக்கே கொண்டுபோகட்டும் என்று சொன்னேன். மேனேஜர் சரி என்றார். டின் கனமாக இருந்ததால் சாயங்காலம் நானே தூக்கிக்கொண்டு அவரோடு நடந்தேன். போகிற வழியில்தான் அக்கா சொன்னார்.

நம் தொழிற்சாலை நிற்கிற இடம் முன்பு சூரையும் காரையும் களாவும் மண்டிய முட்காடு. அதன் ஓரத்தில் அக்காவின் ஊர்க்காரர்களுடைய கல்லறைத் தோட்டம் இருந்தது. கல்லறைத் தோட்டம் என்பது பெயருக்குத்தான். அவர்கள் எல்லோரும் பண்ணை வேலை செய்து பிழைத்தவர்கள். சிமெண்டுக்கும் சிலுவைக்கும் வழியில்லாமல் மண்மேடாகவே விட்டுவிடுவார்கள். ஆடுகள் ஏறி மிதித்துக் கலைத்துவிடும். அதற்காகக் காட்டிலிருந்து ஒரு நரிவெங்காயத்தைத் தோண்டி வந்து தலைமாட்டில் நட்டு வைப்பது அவர்கள் வழக்கம். ஆடு அந்தப் பக்கம் அண்டாது, தண்ணீர் ஊற்றவும் ஆள் வேண்டாம். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியோடு போகும்போது மழையில் மேடு கரைந்திருந்தாலும் பச்சை இலை இடத்தைக் காட்டும்.

அப்படி ஒரு மேட்டின் கீழே அக்காவின் இரண்டாவது பிள்ளை அந்தோணி இருந்தான். அரிசிக்குத் தட்டுப்பாடாக இருந்த அறுபதுகளின் நடுவில், மூன்று வயதுகூட முடியாமல், வயிற்றுப்போக்கில் போய்விட்டான்.

"தண்ணி தண்ணின்னு கேட்டான் நைனா. வயித்தால போற புள்ளைக்குத் தண்ணி குடுத்தா இன்னும் போவும்னு எல்லாரும் சொன்னாங்க. நான் குடுக்கல. நாக்க நீட்டிக்கினே கெடந்தான்."

இதை அக்கா அழாமல் சொன்னார். எனக்குத்தான் டின்னை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்சம் நிற்க வேண்டும்போல் இருந்தது. அந்தக் காலத்தில் திருப்பாச்சூரில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வயிறு போகிற குழந்தைக்கு யாரும் தண்ணீர் காட்ட மாட்டார்கள். அக்கா ஊரார் சொன்னதைக் கேட்டவர், வேறொன்றும் இல்லை. ஆனால் அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

தொழிற்சாலைக்காக நிலத்தை எடுத்தபோது கல்லறைத் தோட்டமும் அதற்குள் போயிற்று. ஏரிக்கு அப்பால் வேறு இடம் கொடுத்தார்கள். வேண்டியவர்கள் தோண்டி எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். அது கார்த்திகை மாதமாக இருந்ததால் இலை நின்றது. அந்த அடையாளத்தை வைத்து அக்காவும் அவர் கணவர் சூசையண்ணனும் தோண்டினார்கள். சின்னப் பிள்ளை, அத்தனை வருடம் ஆகியிருந்தது, எலும்பென்று ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றாக நட்ட கிழங்கு மூன்றாகப் பெருத்திருந்தது. அதை எடுத்து, அங்கிருந்த மண்ணையே டின்னில் நிரப்பி, அதில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். மறுவாரம் புல்டோசர் ஓடியது. இப்போது அங்கே நமது இரும்பு அடுக்கும் கொட்டகை நிற்கிறது.

நிலம் போன பிறகு அக்காவின் உறவுக்காரர்கள் பலர் பொன்னேரிப் பக்கம் போய்விட்டார்கள். சூசையண்ணனுக்கு இங்கே வார்ப்படப் பிரிவில் வேலை கிடைத்தது. அக்கா கேன்டீனுக்கு வந்தார். உங்களுக்கும் போக இடம் இருந்ததே, ஏன் இங்கேயே இருந்துவிட்டீர்கள் என்று கேட்டேன். "அவன் இங்கதான கீறான். நான் எங்க போறது?" என்றார். பிறகு டின்னைக் காட்டி, "எடம் பூட்ச்சி. இதுதான் மிச்சம். இதுவும் பூட்டா, அவன் இருந்தான்னு காட்ட எங்கைல ஒண்ணும் கெடையாது" என்றார்.

அப்படிப்பட்ட ஒன்றை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்? அக்கா தனக்குத் தெரிந்த ஒரே வழியில் பார்த்துக்கொண்டார். கேன்டீன் வேலை நெருக்கடியில் சரியாகக் கவனிக்காததால்தான் இலை மஞ்சளாகிக் காய்ந்தது, பிள்ளைக்குச் சாப்பாடு பத்தவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். தினமும் சாயங்காலம் கேன்டீனில் அரிசி கழுவிய கழனித் தண்ணியை ஒரு குடத்தில் வீட்டுக்குச் சுமந்துபோய் அதற்கு ஊற்றுவார். காலையில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் இன்னொரு சொம்பு. அது கல்லறை மேட்டில் கோடை முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்த கிழங்கு என்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. அங்கே கோடையில் யார் போய்ப் பார்த்தார்கள்? நானும் என் பங்குக்கு, எருவும் கொஞ்சம் போடுங்கள் அக்கா என்று யோசனை சொன்னேன்.

மாசி மாதம் முதல் கிழங்கு கொழகொழத்துப்போனது. நாற்றம் தெருமுனைவரை வந்தது. அடுத்த வாரம் இரண்டாவது. அக்கா பயந்துபோய் மூன்றாவதற்கு இன்னும் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினார். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது டின்னில் மண் மட்டும் இருந்தது. சூசையண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "அதுவும் அழுகி பூட்ச்சி சார். ஏரியில போட்டுட்டு வந்துட்டேன்" என்றார். அக்கா அடுப்பு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். வா என்றும் சொல்லவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பற்றிப் பயம் வந்தது.

அதன்பின் இரண்டு மாதம் நம் கேன்டீன் எப்படி இருந்தது என்று பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். ஒருநாள் உப்பு இருக்காது, ஒருநாள் உப்பு மட்டும்தான் இருக்கும். நாஷ்டாவுக்கு இட்லி கேட்டால் களி வரும். காரணம் தெரியாமல் அன்று திட்டித் தீர்த்தவர்கள் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். மூத்த மகள் பிலோமினா அம்மாவைக் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போவாள், கூட்டி வருவாள். அக்கா எல்லா வேலையையும் செய்தார். ஆனால் யாரையும் கிண்டல் செய்யவில்லை. என்னை நைனா என்று கூப்பிடவில்லை, 'சார்' என்றார். அது எனக்குப் பொறுக்கவே இல்லை.

சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு நாள், சாயங்கால ஷிப்டு தொடங்குகிற நேரம். பழைய கோணிகளை எடுப்பதற்காகக் கேன்டீன் பரணில் ஏறிய கோவிந்தன் பாம்பு, பாம்பு என்று அலறிக்கொண்டு குதித்தார். தடியோடு நாலு பேர் ஓடி வந்தார்கள். நான் தைரியசாலி என்பதால் வாசலிலேயே நின்றேன். வார்ப்படப் பிரிவிலிருந்து சூசையண்ணன் ஓடி வந்தார். தடிக்காரர்களைத் தள்ளிவிட்டுத் தானே ஏணியில் ஏறினார். இறங்கும்போது அவர் கையில் ஒரு கோணி இருந்தது. அதன் வாயிலிருந்து ஒரு தண்டு, கைநீளத்துக்கு மேலே, காற்றுச் சந்து வெளிச்சத்தைத் தேடிப்போன வளைவோடு நீண்டிருந்தது. இலை ஒன்றுகூட இல்லை. நுனியை ஒட்டிச் சின்னச் சின்ன மொட்டுகள் தொங்கின.

கோணிக்குள் மூன்றாவது கிழங்கு இருந்தது. வாடவும் இல்லை, அழுகவும் இல்லை. மண்ணும் தண்ணீரும் இல்லாமல் இரண்டு மாதமாகப் பரண் இருட்டில் கிடந்திருக்கிறது.

சூசையண்ணன் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே பேசினார். விட்டால் நீ இதையும் சாகடித்துவிடுவாய் என்று பயந்தேன், அதனால் பொய் சொன்னேன், வீட்டில் வைத்தால் கண்டுபிடித்துவிடுவாய் என்று இங்கே கொண்டுவந்து போட்டேன், மழை வந்ததும் எடுத்துக் கொடுக்கலாம் என்று இருந்தேன் என்றார். பரணில் போட எப்படித் தோன்றியது என்று கேட்டதற்கு, "வெங்காயத்த வேற எங்க வெப்பாங்க?" என்றார். அவருக்கு இதில் பெரிய ஞானம் எதுவும் கிடையாது. சமையல் வெங்காயத்துக்குச் செய்வதை இதற்கும் செய்திருக்கிறார்.

அக்கா கத்துவார், சூசையண்ணனுக்குக் கரண்டியால் ஓர் அடி நிச்சயம் என்று நினைத்தோம். அவர் கோணியை வாங்கிக்கொண்டுபோய் வாசல் பெஞ்சில் வைத்து, எதிரில் தரையில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். வெயில் இறங்க இறங்க, அடியில் இருந்த மொட்டு ஒன்று மெல்லப் பிரிந்தது. பிறகு இன்னொன்று. இருட்டத் தொடங்கும்போது ஐந்தாறு பூக்கள் விரிந்திருந்தன. இந்தப் பூ பொழுது சாயும்போது மலரும், விடிந்தால் வாடிவிடும். இலை இருக்கும்போது பூக்காது, பூக்கும்போது இலை இருக்காது. பொழுது சாய்ந்தபின் கல்லறைத் தோட்டத்துக்கு யாரும் போவதில்லை. இடம் மாறிய முதல் கோடையில் டின்னிலும் அது பூக்கவில்லை. அதனால் தலைமுறையாக இதை நட்டு வந்த ஊரில் பிறந்த அக்காவும் அன்றுதான் அதன் பூவை முதல்முதலாகப் பார்த்தார்.

உண்மையைச் சொல்கிறேன், அது அழகான பூ இல்லை. வெளுத்த பழுப்பு நிறம். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஆறு இதழ், ஒவ்வொன்றிலும் மங்கலாக ஒரு பச்சைக் கோடு. இத்தனை அமர்க்களத்துக்கு இவ்வளவுதானா என்று என் வாய் சும்மா இராமல் கேட்டுவிட்டது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எம்புள்ள மட்டும் இன்னா, பெரிய அழகனா நைனா? கருப்பா, மூக்கு ஒழுகினு இருப்பான். எனக்குப் போதும்" என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து 'நைனா' வந்தது.

பிறகு அவர் தண்டை விரலால் தொட்டுக்கொண்டு, எங்கள் யாரிடமும் இல்லாமல், "கேட்டவனுக்குக் குடுக்கல. கேக்காததுக்கு ஊத்திக்கினே இருந்தேன்" என்று சொல்லிவிட்டு அழுதார். சூசையண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நாங்கள் எழுந்து உள்ளே போய்விட்டோம். கோவிந்தன் அன்று எல்லோருக்கும் தானே சாப்பாடு போட்டார்.

கிழங்கு மறுபடி அதே டின்னில், அதே மண்ணில் உட்கார்ந்தது. ஆடி மழைக்கு இலை விட்டது. ஆனால் அக்காவின் கை சும்மா இருக்குமா? தை பிறந்து இலை காய ஆரம்பித்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளாது. சொம்பைத் தூக்கிக்கொண்டு டின்வரைக்கும் போவார், நிற்பார், திரும்புவார். பேஜாரு பண்ணுது நைனா இது, என்பார். அந்தச் சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய்த் தெருவில் போகிற யாருக்காவது கொடுத்துவிட்டு வருவார். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருக்கும் மூன்று பானைகளும் அப்படி வந்தவைதான். நிர்வாகம் வைத்ததென்று உங்களில் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அக்கா டின்னுக்கு ஊற்றாமல் மிச்சம் பிடித்த தண்ணீர் அது. "கேட்டா குடு. கேக்காதத தொந்தரவு பண்ணாத" என்று அடிக்கடி சொல்வார். என் வீட்டில் பிள்ளைகளைப் படி படி என்று நான் விரட்டுவதைக் கேள்விப்பட்டபோதும் இதையே சொன்னார்.

ஓரிரு வருடம் கழித்து நடந்ததைச் சொல்லியாக வேண்டும். மோல்டிங் பிரிவு வேலாயுதத்தின் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்து அக்கா விசாரித்திருக்கிறார். தண்ணீரே கொடுக்காமல் வைத்திருக்கிறோம் அக்கா என்று அவர் சொன்னதுதான் தாமதம், அக்கா வடித்துக்கொண்டிருந்த சோற்றுக் கஞ்சியைத் தூக்கில் பிடித்து, உப்பு போட்டுக்கொண்டு, நடுமதியத்தில் கேன்டீனை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார். டைம் ஆபீசைத் தாண்டிப் போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

வேலாயுதத்தின் வீட்டில் குழந்தை துவண்டு கிடந்தது. கண் உள்ளே போய்விட்டிருந்தது. கொடுக்கக் கூடாது என்று அவருடைய அம்மா தடுத்தார். அக்கா அந்த அம்மாவைக் கோபிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக் குழந்தையின் பக்கத்தில் உட்கார வைத்து, "வாயத் தொறக்குது பாரும்மா. கேக்குது. எம்புள்ளையும் இப்டித்தான் கேட்டான்" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் தடுக்கவில்லை. ஸ்பூன் ஸ்பூனாக, துப்பினால் கொஞ்சம் பொறுத்து மறுபடியும், பொழுது சாயும்வரை கொடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு தொழிற்சாலை வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குழந்தை பிழைத்தது. அதன் பெயர் கஸ்தூரி.

அன்று உங்களுக்கெல்லாம் சாம்பார் இல்லாமல் வெறும் மோர் சோறு கிடைத்தது. மேனேஜர் மறுநாள் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். "அவங்கெல்லாம் ஒரு வேளை பசி தாங்குவாங்க சார். அது தாங்காது" என்று அக்கா சொன்னார். மேனேஜரும் பிள்ளை பெற்றவர்தான், அதோடு விட்டுவிட்டார்.

சென்ற வருடக் கடைசியில் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றுக்குள் கட்டி என்றார்கள். நான் போனபோது பாதியாக இருந்தார். "ஆரோக்கியம்னு பேரு வெச்ச பாதர கூட்டியா நைனா, நாலு வார்த்த கேக்கணும்" என்று சிரித்தார். நம் கேன்டீனைப் பற்றிக் கேட்டார், பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "டின்னுக்கு யாரும் ஊத்தலியே?" என்றார். இல்லை அக்கா என்றேன். நல்ல பிள்ளை என்று என் கையைத் தட்டினார். அவர் வாய் உலர்ந்து உலர்ந்து போயிற்று. கேட்டபோதெல்லாம் பிலோமினா ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தாள். ஒரு தடவைகூட அப்புறம் என்று சொல்லவில்லை. கடைசிவரை அப்படித்தான் என்று சூசையண்ணன் சொன்னார். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஏரிக்கு அப்பால் உள்ள புதுக் கல்லறையில் அவரை அடக்கம் செய்தோம். நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். மண் போட்டு முடித்ததும் சூசையண்ணன் அந்த டின்னைக் கொண்டுவரச் சொன்னார். நானும் அவருமாக அதைக் கவிழ்த்தோம். பெரிய கிழங்கோடு ஒட்டி இரண்டு குட்டிக் கிழங்குகள் இருந்தன. பெரியதை அக்காவின் தலைமாட்டில் நட்டார். டின்னில் இருந்த மண்ணை ஒரு பிடிகூட மீதம் வைக்காமல் அந்த மேட்டின்மேல் பரப்பினார். அது அந்தோணி படுத்திருந்த இடத்து மண். இத்தனை வருடம் கழித்துப் பிள்ளை அம்மாவிடம் வந்து சேர்ந்தான். அங்கே நின்றவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்ததோ தெரியாது. அதைச் சொல்லத்தான் அன்று கூட்டத்தில் எழுந்தேன், முடியவில்லை.

எல்லோரும் திரும்பத் தொடங்கியபோது கஸ்தூரி கூட்டத்துக்குள் நுழைந்து வந்தாள். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிற பெண். யார் சொல்லிக் கொடுத்தார்களோ, ஏரிக்கரைக் குழாயிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, புதிதாக நட்ட கிழங்குக்கு ஊற்றக் குனிந்தாள். சூசையண்ணன் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்கு வேணாம் கண்ணு. நீ குடி."

கஸ்தூரி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரை வாயில் வைத்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை சூசையண்ணன் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குட்டிக் கிழங்கு ஒன்றைச் சூசையண்ணன் பரணில் வைத்திருக்கிறார். இன்னொன்றை எனக்குக் கொடுத்தார். திருப்பாச்சூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சட்டியில் இருக்கிறது. இந்தக் கோடையில் அது பூக்கவில்லை. இன்னும் சின்னது, சில வருடம் ஆகும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் காலையில் அதைத் தாண்டிப் போகும்போது கை தானாகச் சொம்புக்குப் போகிறது. எடுத்த சொம்பைத் திரும்ப வைப்பதில்லை. தெருவில் யாராவது வெயிலில் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறேன்.